காதுக்குள் ஓடிய எல்லைக்கோடு: ரித்விக் கட்டக்கின் சினிமா

நீத்தா மாடிப்படிகளில் இறங்கி வருகிறாள். தன்னை மணப்பான் என்று நம்பியிருந்தவனின் அறைக்குப் போனவள், உள்ளே இன்னொரு பெண் இருப்பதை உணர்ந்து திரும்புகிறாள். அழவில்லை, கேள்வி கேட்கவில்லை. அவள் படியிறங்கும்போது பின்னணியில் சவுக்கு விளாசும் ஓசை கேட்கிறது. அந்த வீட்டில் சவுக்கு இல்லை; கதையில் எங்குமே இல்லை. ஆனாலும் அடி யார்மேல் விழுகிறது என்பதில் பார்வையாளருக்குச் சந்தேகமே எழுவதில்லை. 1960இல் வெளிவந்த 'மேகே டாகா தாரா' படத்தின் காட்சி இது. இந்திய சினிமா அதுவரை பேசவும் பாடவும் கற்றிருந்தது. ஓசையைக் கொண்டு ஒரு வரலாற்றுக் காயத்தைச் சொல்லலாம் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவர் ரித்விக் கட்டக்.

கட்டக்கைப் பற்றி எழுதும் எல்லோரும் 1947 வங்கப் பிரிவினையில்தான் தொடங்குவார்கள். அது சரியே, ஆனால் அவர் படங்களில் பிரிவினை எப்படி இருக்கிறது என்று கவனித்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அவருடைய முக்கியமான படங்களில் கலவரக் காட்சிகள் கிடையாது. எரியும் வீடுகளையோ பிணங்களோடு வரும் ரயிலையோ அவர் காட்டுவதில்லை. 'இந்து', 'முஸ்லிம்' என்ற சொற்கள்கூட அபூர்வம். எல்லைக்கோடு அவர் படங்களில் பெரும்பாலும் ஒலியாகவே ஓடுகிறது. பாட்டை வெட்டிக்கொண்டு போகும் ரயிலின் இரைச்சலில், மணப்பெண்ணை வழியனுப்பும் நாட்டுப்பாடலில், ஆற்றின் இக்கரையில் நின்று அக்கரையை நோக்கி எழுப்பும் குரலில் அதைக் கேட்கலாம். ஐம்பது ஆண்டு வாழ்வில் எட்டே முழுநீளப் படங்கள் எடுத்த ஒருவரை இன்னும் விடாமல் பேசிக்கொண்டிருப்பதற்கு அந்தக் காதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

1925 நவம்பர் 4 அன்று டாக்காவில் கட்டக் பிறந்தார். தந்தை சுரேஷ் சந்திர கட்டக் மாவட்ட நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர். எனவே குடும்பம் ஊர் ஊராக மாறியது. கடைசியில் பத்மா நதிக்கரையில் உள்ள ராஜ்ஷாஹியில் நிலைத்தது. மூத்த அண்ணன் மனீஷ் கட்டக் எழுத்தாளர். அவருடைய மகள்தான் மகாஸ்வேதா தேவி. ரித்விக் தனியாகப் பிறக்கவில்லை. பிரதீதி என்ற பெண் குழந்தையோடு இரட்டையராகப் பிறந்தார். பிரதீதி மணந்துகொண்டது தீரேந்திரநாத் தத்தாவின் மகனை. பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில் வங்கமொழிக்காக 1948இல் எழுந்து பேசி, 1971இல் பாகிஸ்தான் ராணுவத்தால் கொல்லப்பட்டவர் இந்த தீரேந்திரநாத். ஆக, ரித்விக்கின் வாழ்க்கை கல்கத்தாவிலும், அவரோடு ஒரே கருப்பையில் இருந்த சகோதரியின் வாழ்க்கை எல்லைக்கு அப்பாலும் நடந்தன. படைப்பையும் வாழ்க்கையையும் கணக்குப் போட்டு ஒன்றோடொன்று பொருத்துவது ஆபத்தான வேலைதான். ஆனாலும் 'மேகே டாகா தாரா'வின் சங்கர், நீத்தா; 'சுவர்ணரேகா'வின் ஈஸ்வர், சீதா என்று அவருடைய மிகச் சிறந்த படங்களின் மையத்தில் காதலர்களைவிட ஆழமாக அண்ணனும் தங்கையும் நிற்பதைக் கவனிக்காமல் கடந்துபோக முடியவில்லை.

அவருடைய இளமையைக் குலைத்த முதல் பேரிடர் பிரிவினை அல்ல, 1943 வங்கப் பஞ்சம். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்ற அந்தப் பஞ்சத்தைப் பற்றி பிஜன் பட்டாச்சார்யா 'நவான்னா' நாடகத்தை எழுதினார். இந்திய மக்கள் நாடக மன்றமான இப்டா 1944இல் அதை மேடையேற்றியது. நாற்பதுகளின் இறுதியில் கட்டக்கும் அந்த இயக்கத்துக்குள் வந்து சேர்ந்தார். முதலில் சிறுகதை எழுதினார். போதாது என்று நாடகத்துக்கு வந்தார். அதுவும் போதாமல் சினிமாவுக்குப் போனார். ஒவ்வொரு தாவலுக்கும் அவர் சொன்ன காரணம் ஒன்றுதான்: இன்னும் அதிகப் பேரை ஒரே நேரத்தில் எட்டவேண்டும். சினிமாவைவிடச் சக்தி வாய்ந்த சாதனம் நாளை வந்தால் சினிமாவை உதறிவிட்டு அங்கே போய்விடுவேன் என்றும் சொல்லியிருக்கிறார். அவரை மேதை என்று பூஜிப்பவர்கள் இந்த வாக்குமூலத்தை அவ்வளவாக விரும்புவதில்லை. எனக்கோ அவரை மதிக்க அதுவே போதுமான காரணம்.

இந்த இடத்தில் சென்னை வருகிறது. பிரிவினையைப் பற்றிய முதல் வங்கப் படம் நிமாய் கோஷ் இயக்கிய 'சின்னமூல்'. வேரோடு பிடுங்கப்பட்ட கிழக்கு வங்க விவசாயிகளின் கதை. சியால்டா ரயில் நிலையத்தில் அடைந்து கிடந்த உண்மையான அகதிகளின் நடுவே படமாக்கப்பட்டது. கட்டக் அதில் நடித்தார், உதவியும் செய்தார். சோவியத் இயக்குநர் புதோவ்கின் கல்கத்தா வந்தபோது அதைப் பார்த்துப் பாராட்டினார். உள்ளூரில் படம் எடுபடவில்லை. பின்னர் நிமாய் கோஷ் பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து ஒளிப்பதிவாளராக வேலை பார்த்தார். திரைத் தொழிலாளர் சங்கங்களைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவரானார். 'பாதை தெரியுது பார்' படத்தைத் தமிழில் இயக்கினார். எம்.பி.சீனிவாசன் இசையமைத்த, ஜெயகாந்தன் பாட்டெழுதிய அந்தப் படமும் 1960இல்தான் வந்தது. இப்டா என்ற ஒரே வேரிலிருந்து ஒரே ஆண்டில் வடக்கில் 'மேகே டாகா தாரா'வும் தெற்கில் 'பாதை தெரியுது பார்' படமும் முளைத்தன. நம் திரை வரலாறுகளில் இந்த உறவு ஒரு வரிகூடப் பெறுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

கட்டக்கின் முதல் படம் 'நாகரிக்' 1952இல் முடிந்தது. 'பதேர் பாஞ்சாலி'க்கு மூன்று ஆண்டு முன்பு. வெளியிட ஆளில்லை, பெட்டிக்குள்ளேயே கிடந்தது. இயக்கத்தின் கலைக்கொள்கை பற்றி அவர் 1954இல் எழுதிக் கொடுத்த நீண்ட அறிக்கை கம்யூனிஸ்ட் கட்சித் தலைமைக்குப் பிடிக்கவில்லை. 1955இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டில் சுரமாவை மணந்தார். பம்பாய்க்குப் போய்ச் சம்பளத்துக்குத் திரைக்கதை எழுதினார். பிமல் ராயின் 'மதுமதி' (1958) கதை அவருடையது. இந்தியா முழுவதும் ஓடி, ஒன்பது ஃபிலிம்ஃபேர் விருதுகளை அள்ளிய மறுபிறவிக் கதை. பம்பாயில் தங்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவர் கல்கத்தாவுக்குத் திரும்பிவிட்டார்.

திரும்பிவந்து எடுத்த 'அஜாந்த்ரிக்' (1958) சுபோத் கோஷின் சிறுகதையிலிருந்து பிறந்தது. ராஞ்சிப் பக்கம் பழைய டப்பா டாக்ஸி ஓட்டும் பிமல், தன் காருக்கு ஜகத்தல் என்று பேர் வைத்து மனைவியைப் போலவும் நண்பனைப் போலவும் பாவித்து வாழ்கிறான். நம்மில் எத்தனையோ ஓட்டுநர்கள் வண்டியோடு பேசுவதைப் பார்த்திருக்கிறோம். இங்கே வண்டி பதில் பேசுகிறது. தண்ணீர் ஊற்றினால் தாகம் தீர்ந்தவன்போல மடக் மடக்கென்று குடிக்கும் ஓசை வருகிறது, கோபித்துக்கொண்டால் முனகுகிறது. படத்தில் காணும் பொருளுக்கும் கேட்கும் ஓசைக்கும் நேரடித் தொடர்பு இருக்கவேண்டியதில்லை என்ற துணிவு அவருக்கு இங்கே வந்துவிட்டது. சிரிப்புக்காகத் தொடங்கிய அந்தத் துணிவு இரண்டே ஆண்டில் சவுக்காக மாறியது.

'மேகே டாகா தாரா'வின் கதையைச் சுருக்கமாகச் சொன்னால் எளிமையாகத் தெரியும். கல்கத்தாவின் விளிம்பில் ஓர் அகதிக் குடியிருப்பு. கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் தென் கல்கத்தாவில் காலி நிலங்களில் குடிசை போட்டுத் தாங்களே விஜய்கர், ஆசாத்கர் என்று பேர் சூட்டிக்கொண்ட காலம். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் மூத்த மகள் நீத்தா. அப்பா ஆங்கிலக் கவிதைகளில் ஆறுதல் தேடும் ஏழை வாத்தியார். அண்ணன் சங்கர் சம்பாதிக்காமல் பாடகனாகும் கனவில் சாதகம் செய்துகொண்டிருப்பவன். தங்கை கீதா, தம்பி மண்ட்டு, வீட்டுக் கஷ்டத்தால் மனம் இறுகிப்போன அம்மா. எல்லோருக்கும் நீத்தாவின் சம்பளம்தான் சோறு. அவள் காதலன் சனத் தங்கையை மணக்கிறான். அவளுக்குக் காசநோய் வருகிறது.

தமிழ் ரசிகருக்கு உடனே கே.பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) நினைவுக்கு வரும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது பயனுள்ளது. சுஜாதா நடித்த கவிதா கூர்மையாகப் பேசுகிறாள். தன்னைச் சுரண்டுபவர்கள் ஒவ்வொருவருக்கும் அவளிடம் சுடச்சுடப் பதில் உண்டு. அந்த வசனங்களுக்காகவே நாம் அவளை நேசித்தோம். சுப்ரியா சௌத்ரி நடித்த நீத்தா பேசுவதில்லை. அவளுக்காகப் பேசும் வேலையைக் கட்டக் ஒலிப்பதிவிடம் ஒப்படைத்துவிட்டார். மகள் சனத்தோடு நெருங்கினால் வீட்டுக்கு வருமானம் போய்விடுமே என்று தாய் பயப்படும் இடத்தில் அடுப்பில் சோறு கொதிக்கும் ஓசை பெருகி அறையையே நிறைக்கிறது. தாயை அவர் வில்லியாக்கவில்லை. அந்தக் கொதிப்பு பசியின் ஓசை. மகளைத் தின்பது தாயல்ல, பசிதான் என்று ஒரு வசனமும் இல்லாமல் விளங்கிவிடுகிறது.

சங்கர் பாடும் ஹம்சத்வனியைத் தனியாகக் கேட்கவேண்டும். முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் உருவாக்கியதாக மரபு சொல்லும் ராகம் அது. 'வாதாபி கணபதிம்' கேட்டு வளர்ந்த நமக்கு மங்களத் தொடக்கத்தின் ஓசை. இந்துஸ்தானி இசை தெற்கிலிருந்து அதை எடுத்துக்கொண்டது. படத்தில் சங்கருக்குக் குரல் கொடுத்திருப்பவர் ஏ.டி.கானன். சென்னையில் பிறந்து, ரயில்வே வேலைக்காக வடக்கே போய், கல்கத்தாவில் இந்துஸ்தானிப் பாடகராகப் புகழ்பெற்றவர். தன் ராகம் தன்னைப் போலவே ஊர் மாறிப் போயிருப்பதை அவர் நினைத்திருப்பாரோ என்னவோ; கேட்கும் எனக்கு அந்த எண்ணம் வராமல் இருப்பதில்லை. அந்த ஒலியில் குடும்பத்தில் ஒருவனாவது மீளப்போகிறான் என்ற நம்பிக்கை இருக்கிறது. சங்கர் மீள்கிறான், பம்பாய் போய்ப் பேர் வாங்கித் திரும்புகிறான். திரும்பும்போது தங்கை இரத்தம் கக்கிக்கொண்டிருக்கிறாள்.

அந்த வீட்டை விட்டு அண்ணன் கிளம்பிப் போவதற்கு முன் ஓர் இரவில், தங்கைக்கு அவன் ரவீந்திரநாத் தாகூரின் பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறான். இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். பாட்டு முடிவை நெருங்கும்போது மறுபடி அந்தச் சவுக்கு. நீத்தா உடைந்து அழுகிறாள். மற்றொரு பக்கம் உமாவை வழியனுப்பும் வங்க நாட்டுப்பாடல் படம் நெடுக வந்துபோகிறது. வங்கத்தில் துர்க்கை பூஜை என்பது கைலாசத்திலிருந்து பிறந்தகம் வரும் மகளைச் சில நாள் சீராட்டி, பிறகு ஆற்றில் கரைத்து அனுப்புவது. நீத்தா பிறந்தது ஜகத்தாத்ரி பூஜை நாளில். உலகைத் தாங்குபவள் என்று பொருள்படும் தேவியின் நாள். தேவியின் குறியீட்டை இப்படிக் குடும்பக் கதைமேல் சுமத்துவது எல்லோர் கையிலும் எடுபடாது. இங்கே எடுபடக் காரணம், அது பேச்சாக வராமல் தூரத்தில் யாரோ பாடும் பாட்டாக வருவதுதான். கடைசியில் ஷில்லாங் மலைச் சானடோரியத்தில் அண்ணனைக் கட்டிக்கொண்டு, தான் வாழவே விரும்பியதாக நீத்தா கதறுகிறாள். கேமரா அவளை விட்டு நகர்ந்து மலைகளைச் சுற்றிச் சுழல, கதறல் மட்டும் திரும்பத் திரும்ப எதிரொலிக்கிறது. உடம்பு மறைந்து குரல் மட்டும் நிலப்பரப்பாகிவிடுகிறது.

கட்டக்கின் படங்களில் நன்றாக ஓடியது இது ஒன்றுதான். கையில் வந்த பணத்தை 'கோமல் காந்தார்' (1961) படத்தில் போட்டார். இப்டா இயக்கம் குழுக்களாக உடைந்ததையும் வங்கம் இரண்டாக உடைந்ததையும் ஒரே கதையில் சொல்ல முயன்றார். படம் கொஞ்சம் கனத்துவிட்டது. மேற்கோள்கள், உள்கட்சிப் பூசலின் எதிரொலிகள், நாடகத்துக்குள் நாடகம் என்று எல்லாவற்றையும் ஏற்றியதில் மூச்சு முட்டுகிறது. இதை அவர் அபிமானிகளும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் லால்கோலாவில் பத்மா நதிக்கரைக் காட்சிக்காக அந்தப் படத்தின் எல்லாக் குறைகளையும் பொறுக்கலாம். முன்பு ரயில் வந்து நின்று, பயணிகள் படகேறி அக்கரை போன இடம். இப்போது தண்டவாளம் பாதியில் நிற்கிறது. அக்கரை வேறு நாடு. பிருகுவும் அனசூயாவும் அங்கே நின்று பேசுகிறார்கள். திடீரென்று கேமரா கைவிடப்பட்ட தண்டவாளத்தின்மேல் வேகமெடுத்து ஓடுகிறது. படகோட்டிகள் அலியை அழைத்து எழுப்பும் 'தோஹாய்' குரல் உச்சத்துக்கு ஏறுகிறது. தடுப்புக்கட்டையில் மோதியதுபோல் திரை கறுத்துவிடுகிறது. இந்துக் கதாபாத்திரங்களின் துயரத்தை முஸ்லிம் படகோட்டிகளின் விளியால் சொன்னதுதான் அவர் அரசியல். பிளவுபடாத வங்கம் என்று அவர் பேசியது வெறும் ஏக்கமாக இல்லாமல் காதில் விழும் உண்மையாவது இங்கேதான்.

படம் தோற்றது. அந்த அடியிலிருந்து அவர் முழுதாக எழவே இல்லை. மதுப்பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1962இல் முடிந்த 'சுவர்ணரேகா' 1965இல்தான் திரைக்கு வந்தது. ஈஸ்வர் என்ற அகதி, குழந்தைத் தங்கை சீதாவையும், தாயைத் தொலைத்த அபிராம் என்ற சிறுவனையும் கூட்டிக்கொண்டு காலனியை விட்டுச் சுவர்ணரேகா ஆற்றங்கரைக்கு வேலைக்குப் போகிறான். அங்கே இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளம் ஒன்று சிதிலமாகக் கிடக்கிறது. சிறுமி சீதா பாடிக்கொண்டு அதில் ஓடும்போது காளி வேஷம் கட்டிய பகுரூபி ஒருவன் எதிரே வந்து நிற்கிறான். வளர்ந்த சீதா அபிராமைக் காதலிக்க, அவன் தாழ்த்தப்பட்ட சாதி என்று தெரிந்ததும் அண்ணன் மறுக்கிறான். தன் மண்ணை இழந்துவந்த அகதி, சாதியை மட்டும் பத்திரமாக மூட்டைகட்டிக் கொண்டுவந்திருக்கிறான். கட்டக் தன் மக்கள்மேல் வைத்த மிகக் கடுமையான குற்றச்சாட்டு இது. அவரை வெறும் பிரிவினைப் புலம்பலாளர் என்று எண்ணுபவர்கள் இந்த இடத்தை இன்னொருமுறை பார்க்கவேண்டும்.

அண்ணனை மீறிச் சீதா மணந்த அபிராம் கும்பலால் கொல்லப்படுகிறான். வறுமை அவளைப் பாலியல் தொழிலுக்குத் தள்ளுகிறது. குடிபோதையில் அவள் கதவைத் தட்டும் முதல் ஆள் அவள் அண்ணன். நம்ப முடியாத தற்செயல் என்று அன்று விமர்சகர்கள் கொதித்தார்கள். அவரோ மெலோடிராமா தன் பிறப்புரிமை என்ற தொனியில் பதில் சொல்லிவந்தார். அவர் பக்கமே நியாயம் என்று நினைக்கிறேன். அண்ணன் எந்தப் பெண்ணின் கதவைத் தட்டியிருந்தாலும் அவள் யாரோ ஒருவனின் தங்கைதான். அதைப் பார்வையாளர் தப்பிக்க முடியாதபடி சொல்ல அந்தத் தற்செயலைத் தவிர வேறு வழி இல்லை. இரவில் வாழும் கல்கத்தாவில் ஈஸ்வர் குடிக்கும் காட்சியில் ஃபெலினியின் 'லா டோல்சே வீட்டா' படத்தின் இசையை அப்படியே போட்டிருக்கிறார். ரோம் நகரத்துக் கேளிக்கையின் ஓசை அகதியின் வீழ்ச்சிக்குப் பின்னணியாகிறது.

1965இல் புனே திரைப்படக் கல்லூரிக்குப் போய்க் கற்பித்தார், துணை முதல்வராகவும் இருந்தார். தங்கியது சொற்ப காலம். மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் ஆகியோர் அவரிடம் படித்தவர்கள். மூவர் படங்களும் குருவின் படத்தைப் போல இருப்பதில்லை. கௌல் மெலோடிராமாவைத் தொட்டதே இல்லை. பாணியை விட்டுவிட்டுத் துணிவை மட்டும் எடுத்துக்கொண்ட சீடர்கள். அவர்களில் ஜான் தமிழுக்கு வந்தார். வெங்கட் சாமிநாதனின் திரைக்கதையில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தார். அதில் பேராசிரியராக நடித்தவர் 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்த அதே எம்.பி.சீனிவாசன்.

அறுபதுகளின் இறுதியில் கட்டக்கின் உடலும் மனமும் நொறுங்கின. மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கேயும் நோயாளிகளை வைத்து நாடகம் போட்டார். 1970இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வங்கதேசம் பிறந்தபின் அங்கே போய், அத்வைத மல்லவர்மனின் நாவலிலிருந்து 'திதாஷ் ஏக்டி நதிர் நாம்' (1973) எடுத்தார். மாலோ மீனவர்களின் ஆறு மணல் மேடாகி, அதோடு அந்தச் சமூகமே வற்றிப்போவதன் கதை. படப்பிடிப்புக் காலத்திலேயே காசநோய் அவரைச் சாய்த்தது. நீத்தாவுக்குக் கொடுத்த நோய். 2010இல் செப்பனிடப்பட்ட பிரதி கான் விழாவில் திரையிடப்பட்டபோதுதான் உலகம் அந்தப் படத்தை ஒழுங்கான ஒலியோடு கேட்டது. அதற்கு முன் நாம் பார்த்த தேய்ந்த பிரதிகளில், காதால் படமெடுத்த ஒருவரின் பாதி உழைப்பு இரைச்சலில் மூழ்கிக் கிடந்தது.

கடைசிப் படமான 'ஜுக்தி தக்கோ ஆர் கப்போ'வில் (1974) தானே நாயகனானார். நீலகண்ட பாக்சி என்ற குடிகார அறிவுஜீவி. மனைவி வீட்டைவிட்டுப் போக, கதியற்ற சிலரோடு நாடோடியாக அலைந்து, நக்சல் இளைஞர்களோடு ஓர் இரவு வாதாடிவிட்டு, காவல்துறையின் குண்டுக்குப் பலியாகிறான். சாகும் முன் மதுவைக் கேமராவின் கண்ணாடிமேல் ஊற்றுகிறான். படம் சமனில்லாதது; சில இடங்கள் கைவிட்டுப் போகின்றன. ஆயினும் ஒரு கலைஞன் தன் தோல்வியை எந்த மன்னிப்பும் கோராமல் இப்படி வெளிச்சத்தில் வைத்ததற்கு இந்திய சினிமாவில் இணை சொல்லத் தெரியவில்லை. சிற்பி ராம்கிங்கர் பெய்ஜ் பற்றிய ஆவணப்படம் பாதியில் இருக்கையில், 1976 பிப்ரவரி 6 அன்று கட்டக் கல்கத்தாவில் இறந்தார்.

இருபத்தைந்து ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த 'நாகரிக்'கும், கடைசிப் படமான 'ஜுக்தி தக்கோ'வும் அடுத்த ஆண்டு, 1977இல், திரைக்கு வந்தன. அவர் மாணவர் தமிழில் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை'யும் அதே ஆண்டுப் படம்தான்.